உரம் போடாத வரிசை

கொட்டகலைச் சந்தியில் பஸ் நின்றபோது
ஜன்னலால் ஒருவன் துண்டுப் பிரசுரம் திணித்தான்.
ஓட்டிசம் குணமாகும். நாற்பதே நாள்.
ஒட்டகப் பால் மா, டின் ஒன்று ஒன்பதாயிரம்.
பின்பக்கம் சிரிக்கிற ஒரு பிள்ளை.
அதற்குப் பெயரில்லை, ஊரில்லை.

யதுர்சன் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
எண்ணாமலும் இருந்திருக்கலாம்.
ஏழு வயது. "தா" என்று ஒரேயொரு சொல்,
அதுவும் போன மாசியிலிருந்து.

என் வேலையைச் சொல்ல வேண்டும்.
ஆறாம் நம்பர் மலையில் பரிசோதனைப் பாத்திகள்.
சில முளைகளில் சிவப்புப் பெயின்ட், சிலவற்றில் மஞ்சள்.
ஒரு நிறத்துக்குப் புது உரம்,
மற்றதற்கு ஒன்றுமில்லை.
அதே சரிவு, அதே கவ்வாத்து, அதே பனி.
கொழுந்தைத் தனித்தனிச் சாக்கில் நிறுத்துக்
கொப்பியில் எழுதுகிறவள் நான்.
உரம் எந்த நிறத்துக்கென்று எனக்குச் சொல்வதில்லை.
தெரிந்தால் கை தராசை அழுத்துமாம்.
முதலில் கோபம் வந்தது.
பிறகு என் கையைப் பார்த்தேன்.
அழுத்தத்தான் செய்யும்.

முதல் வருஷம் நல்ல மழை.
உர வரிசை கனத்தது,
கம்பனிக்காரர் கேக் பெட்டியோடு வந்தார்.
வெறும் வரிசையும் அதே அளவு கனத்திருந்தது.
மழை யாருக்கும் பில் அனுப்புவதில்லை.

இதெல்லாம் தெரிந்தும் ஏமாந்தேன்.
யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்தினேன்.
ரொட்டி தவிர வேறெதுவும் தொடாத பிள்ளை.
மூன்று மாதத்தில் இரண்டு கிலோ இறங்கியது,
சொல் ஏறவில்லை.
தோட்டை அடகு வைத்து
கொழும்பில் காற்றுப் பெட்டிக்குள் படுக்கவைத்தோம்.
பத்துத் தடவை. பெட்டிக்குள் அழுதான்.
வெளியே கண்ணாடியில் முகம் வைத்து
"கொஞ்சம் தெளிந்திருக்கிறான், இல்லையா?" என்றார் அவர்.
நானும் ஆமென்றேன்.
கை தராசில் இருந்தது.

இன்னொரு யதுர்சன் இல்லை எனக்கு,
பெட்டிக்குள் போகாத அவனை
இவன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க.
அதனால்தான் ஊரார் பிள்ளைகளின் கணக்கு வேண்டும்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் இமேஷா மிஸ்ஸிடம் பிரசுரத்தை நீட்டினேன்.
எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்?
கொடுக்காத வரிசை எங்கே?
நிறுத்தவருக்கு நிறம் தெரியுமா?
உரக்காரர்தானா சம்பளம் கொடுத்தது?
மிஸ் பேனையைக் கீழே வைத்தார்.
எங்கே படித்தீர்கள் என்றார்.
ஆறாம் நம்பர் மலையில் என்றேன்.

பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி
ஒவ்வொன்றாகத் தேடினோம், முக்கால் மணி நேரம்.
வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
"இது ஆபத்து, தொடவே வேண்டாம்.
இதுக்கு ஒண்ணும் இல்ல.
இது தெரியாது."
வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வாயில்
தெரியாது என்ற சொல்லை
அன்றைக்குத்தான் கேட்டேன்.
அந்த ஒரு சொல்லுக்காகவே மற்றதையும் நம்பினேன்.

அவன் பார்ப்பதை நீயும் பார்.
கேட்கும்வரை கையில் வைத்துக் காத்திரு.
தினமும் செய்.
"இதுக்கு இருக்கு. சில பிள்ளைக்கு. கொஞ்சம்."
கொஞ்சம் என்று
யாரும் பிரசுரத்தில் அச்சடிப்பதில்லை.

இரவு அவர் கடையிலிருந்து போன் எடுத்தார்.
"அப்போ சும்மா இருக்கச் சொல்கிறாயா?"
சும்மா இல்லை என்றேன்.
அதற்கு மேல் எனக்கும் வரவில்லை.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.
மாசியில் "தா" வந்த வாரம்
ரொட்டியைத் திரும்பக் கொடுத்திருந்தேன்.
அதே வாரம் கோயிலில் கயிறு கட்டினோம்.
மிஸ் சொன்ன பயிற்சிக்கு அது மூன்றாம் மாதம்.
அவனுக்கும் ஒரு மாதம் கூடியிருந்தது.
எந்தச் சாக்கில் போடுவது அந்தச் சொல்லை?

பிரசுரத்தைக் கையில் பிடித்துக் காத்திருக்கிறேன்.
நீளநீளமாய்க் கிழிக்கப் பிடிக்கும் அவனுக்கு.
பார்க்கிறான். கடிதாசியை. என்னை. கடிதாசியை.
"தா."

கொப்பியை எடுத்துத் திகதியை எழுதினேன்.
காரணம் என்ற கோட்டை
வெறுமையாக விட்டேன்.